மேடைக்கு நான்கு படி

எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் மெஷின் மாட்டினால் பாதி கேட்கும். மீதியை எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வேன். ரவாங்கில் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றதற்குக் கிடைத்தது இது. காதை அடைத்துக்கொள்ள ஏதோ கொடுத்தார்கள், நான்தான் போடவில்லை. லைன் லீடருக்கு எல்லாச் சத்தமும் கேட்க வேண்டும் என்ற திமிர். யாரைக் குறை சொல்ல?

காது போனால் பாட்டு போகும், டிவி போகும் என்று நினைத்திருந்தேன். முதலில் போனது மனிதர்கள். கல்யாணப் பந்தியில் எல்லாரும் சிரிப்பார்கள். "என்னாச்சு?" என்று கேட்பேன். "ஒன்னுமில்லக்கா, விடுங்க" என்பார்கள். அந்த "ஒன்னுமில்ல" இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டே நான் பந்திக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு கோயிலில் மாதர் கூட்டத்துக்குப் போவதும் நின்றது. அம்மா இறந்த பிறகு செரண்டாவில் என் வீட்டில் பேச ஆளே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் கடையில் காப்பித்தூள் கேட்டபோது என் குரலே எனக்குத் திடுக்கென்றது. காலையிலிருந்து அதுவரை வாயைத் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நாடகக் குழு ஆரம்பித்தது இந்த வெறுமையால்தான். சமூக சேவை, அது இது என்று பின்னால் பலர் பாராட்டினார்கள். அதெல்லாம் பொய். என்னோடு பேச நாலு பேர் வேண்டும், அவ்வளவுதான்.

காது பரிசோதனைக்குப் போன ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். என்னவோ கேட்டிருக்கிறாள், எனக்கு விழவில்லை. மறுபடி கேட்டிருக்கிறாள். மூன்றாவது தடவை கோபத்தோடு என் பக்கம் திரும்பினாள். உதடு தெரிந்தது.

"மணி என்னன்னு கேட்டா சொல்லக்கூட முடியாதா? செவிடா நீங்க?"

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். "ஆமா, செவிடுதான். தலைக்கு மேல இவ்ளோ பெரிய கடிகாரம் தொங்குது. நீ என்ன குருடா?"

"ஆமா."

அப்போதுதான் அவள் மடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோலைப் பார்த்தேன். இருவரும் சிரித்தோம் பாருங்கள், நர்ஸ் எட்டிப் பார்த்து முறைத்தாள். அப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று என்று எனக்கே தெரியாது.

அவள் ரவாங்கில் ஒரு அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கிறாள். பள்ளியில் நாடகம் போட்டால் அவளைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துக் குரல் மட்டும் கொடுக்கச் சொல்வார்களாம். "எனக்கு ஒரு தடவையாவது முன்னால நிக்கணும் ஆன்ட்டி," என்றாள். "நிக்கலாம், அதுக்கென்ன," என்றேன். நாடகத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அடுத்து அம்பாங் பெச்சாவிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் சேர்ந்தார்கள். நடிக்க வந்தது மகள், அம்மா துணைக்கு மட்டும். மகளுக்கு முப்பது வயது. ஏழெட்டுச் சொற்கள்தான் பேசுவாள், அதையும் அவளுக்குத் தோன்றும்போதுதான். கடைசியாக ஓர் ஆண் வந்தார். கலும்பாங் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். வெட்டிய குலை முதுகில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நாற்பது வயதிருக்கும். அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் தனியாக இருந்தார். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன்.

நாலு பேரும் ஒன்றாகப் பேசுவதே பெரிய சூசாவாக, தொல்லையாக இருந்தது. நான் பார்க்க வேண்டுமென்றால் பேசுகிறவர் முதலில் கை தூக்க வேண்டும். கை தூக்கினால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் முழுக்கச் சண்டைதான். அவர்தான் வழி கண்டுபிடித்தார். ஆளுக்கு ஒரு காலிப் பால் டின், ஒரு கரண்டி. ஒரு தட்டு என்றால் பேசப்போவது நான், இரண்டு என்றால் அவர், மூன்று என்றால் அந்தப் பெண். தட்டிவிட்டு முகத்தை என் பக்கம் காட்டிப் பேச வேண்டும். டின் சத்தம் என் வலது காதுக்குள்ளும் ஏறும். இதுதான் எங்கள் முதல் சட்டம்.

இரண்டாவது சட்டம் அவருடையது. முதல் நாள் அவரை என் பழைய காடியின் முன்சீட்டில் ஏற்றப் போனபோது, உதவலாம் என்று அவர் கக்கத்தில் கை கொடுத்துவிட்டேன். அவர் என் கையை எடுத்துவிட்டார்.

"அக்கா, நா வர்றேன். ஒரே ஒரு கண்டிஷன். யாரும் என்னைத் தூக்கக் கூடாது."

"சரிப்பா."

"எங்க தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருசா வருசம் நாலு பேரு என்னைத் தூக்கிட்டுப் போய் சன்னதியில வைப்பானுங்க. சாமியத் தூக்குற மாதிரி தூக்குனோம்னு பெருமையா வேற பேசுவானுங்க. சாமிகிட்ட யாராச்சும் கேட்டாங்களா, நீ எங்க போவணும்னு?"

அவரிடம் ஒரு பலகை இருந்தது, ஓரமெல்லாம் இழைத்து வழவழவென்று. நாற்காலிக்கும் காடி இருக்கைக்கும் நடுவே அதைப் பாலமாக வைத்து, கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஏறுவார். பிறகு காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். பாண்ட்டுக்குள் கெண்டைக்காலில் கட்டியிருக்கும் மூத்திரப் பையைச் சரிபார்ப்பார். எல்லாம் முடியப் பதினோரு நிமிடம். நான் மணிக்கட்டைப் பார்ப்பேன். பழக்கதோஷம். லைனில் பதினோரு நிமிடத்தில் எத்தனை தகடு அடித்திருப்போம் என்று கணக்கு ஓடும். அவரும் அதைக் கவனிப்பார். "என்னக்கா, டார்கெட் போவுதா?" என்று கிண்டல் பண்ணுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செரண்டா ஸ்டேஷனில் அந்தப் பெண்ணை ஏற்றி, அம்பாங் பெச்சாவில் அம்மாவையும் மகளையும் ஏற்றி, லயத்தில் அவரை ஏற்றிக்கொண்டு போவேன். கலும்பாங்கில் ஒரு கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகையில்தான் ஒத்திகை. மண்டபத்துக்குள் போக ஒன்றரை அடி உயரத்துக்குப் படி. கொட்டகை தரையோடு தரை. பெரிய அண்டாக்களுக்கு நடுவில் நின்று நடித்தோம். மழை பெய்தால் தகரக் கூரை போடும் சத்தத்தில் என் மெஷினுக்கு ஒன்றும் புரியாது. அவர் உதட்டைப் பெரிதாக அசைத்து எல்லாரும் பேசியதையும் எனக்குச் சொல்வார். "ஒன்னுமில்லக்கா" என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் எழுந்து பல் துலக்கினேன் என்றால் மிகையில்லை.

நாடகத்தை நாங்களே கட்டினோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மூன்று பெண்கள், எந்த நிறுத்தத்திலும் நிற்காத ஒரு பஸ். அவர்தான் டிரைவர், நாற்காலிதான் பஸ். "எல்லாரும் என்னைத் தள்ளுறாங்க, ஒரு நாளாச்சும் நா நாலு பேர விட்டுட்டுப் போறேனே!" என்று அந்த வேடத்தைக் கேட்டு வாங்கினார். அந்த மகளுக்கு ஒரே வசனம், "பஸ் வந்துருச்சு". அவளோ அதை இஷ்டப்பட்டபோதெல்லாம் சொன்னாள். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் நாடகத்தையே மாற்றினோம். அவள் எப்போது சொன்னாலும் எல்லாரும் மூட்டை முடிச்சோடு எழுந்து நிற்பது, பஸ் நிற்காமல் போவது, திட்டிக்கொண்டே உட்காருவது. அதுதான் நாடகத்தில் ரொம்பச் சிரிப்பான இடமாக ஆயிற்று.

பொங்கல் விழாவில் போடலாம் என்று கோயில் தலைவர் சொன்னார். மண்டபத்தில்தான் விழா. அப்படியானால் வாசலில் சாய்தளம் வேண்டும் என்றேன். நான்கு மாதம் தலைவரோடு மல்லுக்கட்டினேன். உயரம் ஒன்றரை அடி, ஓர் அடிக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று தம்பி கணக்குச் சொன்னார். தலைவர் வாயைப் பிளந்தார்.

"பதினெட்டு அடியா? நாம என்ன ஏரோப்ளேன் எறக்கப் போறோமாம்மா?"

கடைசியில் ஒப்புக்கொண்டார். ஊரே கூடிக் கோத்தோங் ரோயோங் போட்டு சிமெண்ட் கலந்தது. தம்பி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தண்ணீர் மட்டக் குழாய் பிடித்துச் சரிவைப் பார்த்துச் சொன்னார். முடிந்ததும் தலைவர் குறுக்கே கயிறு கட்டி "யாரும் ஏறக்கூடாது" என்று பலகை தொங்கவிட்டார். சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. வந்து ரிப்பன் வெட்டிய பிறகுதான் திறப்பாம். புதுச் சாமான் எதையும் பெரிய மனிதர் கை படாமல் தொடமாட்டோம், அது நம் வழக்கம். அதனால் விழா நாள் வரைக்கும் தம்பி மண்டபத்துக்குள் போகவே இல்லை. விபத்துக்குப் பிறகு அந்தப் படியை அவர் தாண்டியதும் இல்லை.

விழா காலை பத்து மணிக்கு. ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினார்கள். தம்பி தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிப் பதினெட்டு அடியும் ஏறினார். புதுச் சட்டை, நெற்றியில் விபூதி. மேலே போய் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் அழுதுவிட்டேன். உள்ளே போனவர் பாதி வழியில் நின்றார்.

அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். மேடை. மூன்றடி உயரம், பக்கவாட்டில் நான்கு படி.

எத்தனை கல்யாணத்துக்கு அந்த மண்டபத்துக்குப் போயிருக்கிறேன்! அந்தப் படியில் ஏறி எத்தனை மொய் கொடுத்திருக்கிறேன்! நான்கு மாதம் வாசலுக்காகச் சண்டை போட்டவளுக்கு மேடை ஞாபகமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகு யோசித்து யோசித்துப் பார்த்தேன். நடக்க முடியாதவர் பார்க்க வருவார் என்று என் புத்தி ஒத்துக்கொண்டிருக்கிறது. மேடையில் ஏறுவார் என்று அதற்குத் தோன்றவே இல்லை. செவிட்டுக்காரி, நாலு பேர் ஒதுக்கியவள், எனக்கே தோன்றவில்லை.

அவர் தன் டின்னை இரண்டு தட்டு தட்டினார். "அக்கா, கீழயே நடிப்போம்." அந்தப் பெண்ணும் சொன்னாள், "ஆமா ஆன்ட்டி, எனக்கும் அதான் செனாங், படி ஏற வேணாம்." கீழே நடிக்க வேண்டுமென்றால் முன்வரிசையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அங்கே ஒய்.பி. உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் அரை மணிதான் நேரமாம். தலைவர் என் முன்னால் வந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். மைக் போட்ட ஊளையில் என் காது வலித்து, மெஷினைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். மேடையில் எங்கள் பானர். வாசலில் நான்கு வாட்டசாட்டமான ஆண்கள், உதவத் தயாராக. அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள். என் புத்தி எங்கே போகும்?

அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

நாற்காலியோடு தூக்கினார்கள். இரண்டாவது படியில் ஒருவர் தடுமாற, நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது. பாண்ட் முழங்கால்வரை ஏறி, கட்டியிருந்த பை அவிழ்ந்து குழாயோடு வெளியே தொங்கியது. முன்வரிசையில் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். யாரோ வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் "மெதுவா, மெதுவா" என்று கை காட்டினார். அந்த மகள் உற்சாகமாக எழுந்து "பஸ் வந்துருச்சு!" என்று கத்தினாள். ஜனம் கைதட்டியது.

மேடையில் இறக்கியதும் அவர் குனிந்து பையை எடுத்து உள்ளே கட்டினார். பாண்ட்டை இழுத்துவிட்டார். பிறகு நடித்தார். ஒரு வசனம் தப்பவில்லை. மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தப் பெண் கடைசியில் முன்னால் வந்து நின்று கும்பிட்டாள். அவள் ஆசை நிறைவேறிற்று. இறக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். கீழே வந்ததும் சாய்தளத்தில் தானே இறங்கி, என் காடியைத் தாண்டி ரோட்டில் போய்விட்டார்.

லயத்துக்கு இரண்டு கிலோமீட்டர். உச்சி வெயில். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே நடை வேகத்தில் காடியை ஓட்டினேன். பின்னால் வந்த லோரிகள் எரிச்சலோடு தாண்டிப் போயின. அவர் ஒரு தடவையும் திரும்பவில்லை.

மறுநாள் போனேன். "காதுல விழலப்பா, மெஷின் போடல," என்றேன். "சரிக்கா," என்றார். அடுத்த ஞாயிறு வரவில்லை. முறுக்கு எடுத்துக்கொண்டு மறுபடி போய் அதையே சொன்னேன். "சரிக்கா, விடுங்க," என்றார். எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். செவிட்டுக்காரியை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இதற்கிடையில் கோல சிலாங்கூரிலிருந்து அழைப்பு வந்தது, அங்கே வந்து நாடகத்தைப் போடச் சொல்லி. தலைவருக்கு ஒரே பூரிப்பு. "அவரு வரலன்னா என்னம்மா, வேற ஆள வீல்சேர்ல உக்கார வச்சிரலாம். பாக்குறவங்களுக்குத் தெரியவா போவுது?" என்றார். நான் கத்திய கத்தலில் கோயில் புறாக்கள் பறந்தன. "நீங்க போய் உக்காருங்க! காலக் கட்டிப் போட்டு நாலு பேர விட்டுத் தூக்கச் சொல்றேன்!" தலைவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. வெளியே வந்த பிறகுதான் தோன்றியது, அந்தக் கத்தல் அவருக்கு உரியதே இல்லை.

செரண்டாவுக்குத் திரும்பும் வழியில் காடியில் நானும் அந்தப் பெண்ணும் மட்டும். ஸ்டேஷனில் நிறுத்தியதும் அவள் இறங்காமல் டின்னை மூன்று தட்டு தட்டினாள். முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"ஆன்ட்டி, அன்னைக்கு அவரு 'வேணாக்கா, வேணாக்கா'ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்குக் கேட்டிருக்காது, தெரியும். ஆனா அவரு குரல் உங்க பக்கம்தான் வந்துச்சு. உங்க மூஞ்சிக்கு நேரா பாத்துத்தான் சொன்னாரு, இல்ல?"

அவள் கோலை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மூன்றாம் தடவை லயத்துக்குப் போனபோது நல்ல மழை. அவர் ஜன்னலோரம் இருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். மெஷின் காதில்தான் இருந்தது. தகரக் கூரையின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை.

"தம்பி, அன்னைக்கு எனக்குக் கேக்கல. ஆனா பாத்தேன். ரெண்டு தடவையும் உங்க வாயப் பாத்தேன். பாத்துட்டுத்தான் தலைய ஆட்டுனேன்."

அவர் நாற்காலியின் கைப்பிடியில் விரலால் இரண்டு தட்டு தட்டினார். எங்கள் சட்டப்படி அவர் பேசப்போகிறார், நான் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். அவர் சக்கரத்தைத் திருப்பி, முதுகை எனக்குக் காட்டி, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். சின்னதாக ஏதோ. ஐந்தாறு சொற்கள் இருக்கும். தோள் அசைந்தது மட்டும் தெரிந்தது. "வராதீங்க" என்றாரா, "வாங்க" என்றாரா, இல்லை "ஒன்னுமில்லக்கா"தானா, எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கோல சிலாங்கூருக்கு நாங்கள் போகவில்லை. மேடைக்கும் இப்போது சாய்தளம் போட்டுவிட்டார்கள், முப்பத்தாறு அடி, மடங்கி மடங்கி ஏறும். ஒத்திகை இன்னும் நடக்கிறது. மூன்று பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம். பஸ்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஏற்றிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போகாமல் லயத்துக்குக் காடியை விடுகிறேன். அவர் வீட்டு முன்னால் நிறுத்தி, முன்கதவைத் திறந்துவைக்கிறேன். ஹாரன் அடிப்பதில்லை. பின்சீட்டிலிருந்து அந்த மகள் கண்ணாடியை இறக்கி, "பஸ் வந்துருச்சு!" என்று வீட்டைப் பார்த்துக் கத்துகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் மணிக்கட்டைப் பார்ப்பதில்லை, பார்க்காமலே எனக்கு நேரம் தெரிகிறது. பதினோரு நிமிடம் ஆனதும் இறங்கிக் கதவைச் சாத்துகிறேன்.